உறைமோரின் ஓராண்டு

சித்திரை

பெரம்பலூரில் வெயில் 40 டிகிரியைத் தொடும் மாதம். காலையில் உறை ஊற்றிய பால் மதியச் சோற்றுக்குள் தயிராகிவிடுகிறது. கொஞ்சம் அசந்தால் புளிப்பேறிவிடும். அரை லிட்டர் பாலுக்கு அரை தேக்கரண்டி உறைமோரோடு பெண்கள் கையை நிறுத்திக்கொள்கிறார்கள். உறைந்த கையோடு பாத்திரம் ஃபிரிட்ஜுக்குப் போகிறது.

ஆனி

உறைமோரில் இருப்பவை உயிருள்ள பாக்டீரியாக்கள். பல்கேரிய மருத்துவ மாணவர் ஸ்டாமென் கிரிகோரோவ், 1905-இல் ஜெனீவாவில் தம் நாட்டுத் தயிரை ஆராய்ந்து, அதிலிருந்த கோல் வடிவ பாக்டீரியாவைக் கண்டறிந்தார். இவை பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்குகின்றன. அமிலம் ஏறி, பி.எச். அளவு 4.6-ஐ நெருங்கும்போது கேசின் புரதம் ஒன்றோடொன்று பிணைந்து பால் கெட்டிப்படுகிறது.

கிரிகோரோவ் கண்டறிந்த அந்த பாக்டீரியா வகைக்கு 40 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். நம் வீட்டு உறைமோரில் பெரும்பாலும் வாழும் லாக்டோகாக்கஸ் வகைகளுக்கு 30 டிகிரியே போதும். அடுப்பங்கரை மேடையே அந்தச் சூட்டைத் தந்துவிடுவதால் தனிக் கருவி எதுவும் தேவைப்படுவதில்லை.

ஆடி

கெட்டித் தயிர் பாலில்தான் தொடங்குகிறது. ஆவின் நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. எருமைப் பால் ஆரஞ்சையும் மிஞ்சும். எந்தப் பாலானாலும் பொங்கியதும் இறக்கிவிடாமல், தீயைக் குறைத்துச் சில நிமிடங்கள் காய்ச்ச வேண்டும். 85 டிகிரிக்கு மேல் நின்று காயும்போது மோர்ப் புரதங்கள் குலைந்து கேசினோடு ஒட்டிக்கொள்கின்றன. தயிர் நீர் விடாமல் நிற்கிறது. பிறகு விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு உறை ஊற்றலாம்.

ஐப்பசி

அரியலூர் மாவட்டத்தில் திருமானூர் பக்கம், கொள்ளிடக் கரை ஊர்களில் மழை. கட்டுத்தரை சேறாகும்போது மாடுகளுக்கு மடிநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. அதற்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்டபின், மருத்துவர் சொன்ன நாள் கழியும்வரை அந்தப் பாலைக் கறந்து கொட்டிவிட வேண்டும். மருந்து கலந்த பாலில் உறைமோரின் பாக்டீரியாக்கள் பெருகுவதில்லை. இரவெல்லாம் வைத்தாலும் பால் பாலாகவே கிடக்கும். அந்தப் பாலைக் குழந்தைகள் குடிப்பது அதைவிடக் கவலைக்குரியது. மாடு வளர்ப்பவர்கள் இந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

மார்கழி

விடியற்காலைக் குளிரில் பாக்டீரியாக்கள் மந்தமாகின்றன. உறைமோர் ஒன்றரை தேக்கரண்டியாகிறது. பால் வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஊற்றி, பாத்திரத்தை அரிசிப் பானைக்குள்ளோ ஹாட்பாக்ஸிலோ வைக்கிறார்கள். இடையில் திறந்து அசைத்தால் தயிர் உடைந்து நீர் பிரியும்.

தை

பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் உறைமோர் கெட்டுப்போயிருக்கும். அதற்கும் வழியுண்டு. வெதுவெதுப்பான பாலில் மிளகாய்க் காம்புகளைப் போட்டு வைத்தால், காம்பில் ஒட்டியிருக்கும் லாக்டிக் பாக்டீரியாக்களே பாலை உறைய வைக்கும். முதல் நாள் தயிர் இளகலாக இருக்கும். அதிலிருந்து எடுத்து மறுநாள் உறை ஊற்றினால் கெட்டிப்படும். பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி வாங்குவது இன்னும் சுலபம்.

உறைமோர் அதிகம் புளித்துவிட்டால் அடுத்த நாள் தயிரும் புளிக்கும். ஆகவே, தயிர் உறைந்ததும், யாரும் சோற்றில் ஊற்றும் முன்பே, நாளைக்கான ஒரு கரண்டியைத் தனியாக எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.