அசையாமல் ஒரு வேலை

மாடலாக உட்காரும் அம்மா வந்த பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டதாகப் போன் வந்தது. மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஓவியப் பயிற்சிக்கூடம். பதினோரு மாணவர்கள், பலகையில் தாளை கிளிப் மாட்டி, சார்கோலை உப்புத்தாளில் தேய்த்துக் கூராக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். நான் கல்யாண போட்டோ எடுத்துப் பிழைக்கிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் படம் வரைகிறவன். அன்றைக்கு மாடல்களைப் பற்றி எழுதலாம் என்று போயிருந்தேன். ஆசிரியர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்தம்மா வர்ற வரைக்கும் நீங்க ஏறி நில்லுங்களேன் சார்."

ஏறினேன். ஒரு கையால் மூங்கில் கழியை உயரப் பிடித்து, மறு கையை இடுப்பில் ஊன்றி, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். எத்தனை மாப்பிள்ளைகளை இப்படி நிற்க வைத்திருக்கிறேன்! ஒரு மாணவி என் பாதங்களைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டாள். நடுவில் இறங்கினாலும் திரும்ப அதே இடத்தில் நிற்பதற்காம்.

இரண்டு நிமிஷம் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாவது நிமிஷம் தூக்கிய கை கனத்தது. அப்புறம் கழுத்து. மூக்கு நுனியில் ஓர் அரிப்பு கிளம்பி, உலகத்தில் வேறு எதுவுமே இல்லாதது போல் ஆகிவிட்டது. கண் லேசாக இருட்டியது. "முட்டியை விறைக்காதீங்க, கொஞ்சம் தளர்த்துங்க" என்றார் ஆசிரியர். நடக்கும்போது கால் தசைகள் ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அசையாமல் நின்றால் அது காலிலேயே தேங்கிவிடும். அணிவகுப்பில் நிற்கிற காவலர்கள் சில சமயம் மயங்கி விழுவது இதனால்தான். பன்னிரண்டாவது நிமிஷம் நான் கழியைக் கீழே வைத்துவிட்டேன்.

என் கேமராவில் ஷட்டர் திறந்து மூடுவது பெரும்பாலும் 1/125 நொடி. அந்த நொடிக்காக மட்டும் மூச்சை அடக்கச் சொல்லியே இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

அம்மா வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். முகத்தைத் துடைத்துக்கொண்டே சாக்பீஸ் கோட்டையும் கழியையும் பார்த்தார். நான் எப்படி நின்றிருப்பேன் என்று புரிந்துவிட்டது.

"கையத் தூக்கிட்டு நின்னா எவ்ளோ நேரம் தம்பி தாங்கும்? அழகா நிக்குறது வேற, நிக்க முடியுறது வேற."

முதலில் சின்ன போஸ்கள்: ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். மாணவர்களின் கை வேகம் பிடிப்பதற்கு. கூடையைத் தூக்குவது போல, குனிந்து கோலம் போடுவது போல, பஸ்ஸுக்கு எட்டிப் பார்ப்பது போல. அத்தனையும் அவர் வாழ்க்கையில் செய்தவை, யோசிக்கவே இல்லை. பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை இழுத்துவிட்டு, மடியில் ஒரு கையை மல்லாத்தி வைத்தார். இருபத்தைந்து நிமிஷம் உட்கார்ந்தால் ஐந்து நிமிஷம் ஓய்வு. இப்படியே மூன்று மணி நேரம்.

"உடனே கோடு போடாதீங்க" என்று ஆசிரியர் மாணவர்களைத் தடுத்தார். உட்கார்ந்த புதிதில் உடம்பு இறங்கும். தோள் தாழும், முதுகு வளையும். அது அடங்கிய பிறகுதான் அளவெடுக்க வேண்டும்.

ஓய்வில் டீ குடித்தபடி அம்மா தன் வித்தைகளைச் சொன்னார். சுவரில் ஏதாவது ஒரு கறையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பாரத்தைப் பிறருக்குத் தெரியாமல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றத் தெரிய வேண்டும். மனசுக்குள் மளிகைச் சாமான் கணக்கு ஓடினால் நேரம் போய்விடும். ஓர் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, காசுக்காக மூன்று மாதம் நடந்ததையும் சொன்னார். "சும்மா உக்காந்திருக்குறதுக்கு அவசரம் என்னன்னு கேட்டாங்க" என்றார் சிரித்தபடி.

நம் சிற்ப மரபுக்கு இப்படி ஓர் ஆள் தேவைப்பட்டதில்லை. சுவாமிமலை ஸ்தபதி தென்னங்கீற்றை மடித்து மடித்து அளவு குறித்துக்கொள்வார். முகம் ஒரு பங்கு என்றால் உடம்பு இத்தனை பங்கு என்று தாளக் கணக்கு. அம்மன் சிலைக்கு எதிரே எந்தப் பெண்ணும் உட்கார வேண்டியதில்லை. ஆளை எதிரில் வைத்து வரைவது ஐரோப்பியக் கலைப்பள்ளிகளின் வழக்கம். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் மதராஸில் தொடங்கிய பள்ளிதான் இன்று எழும்பூரில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி. கைத்தொழில் பயிற்சிக்கு முக்கியத்துவம் தந்துவந்த அதை ஓவியம், சிற்பம் பக்கம் திருப்பியவர், அதன் முதல் இந்தியத் தலைவரான தேவி பிரசாத் ராய் சௌத்ரி.

மும்பையில் ஆடையின்றி மாடலாக நிற்கும் பெண்களைப் பற்றி ரவி ஜாதவ் எடுத்த 'ந்யூட்' என்ற மராத்திப் படம், 2017இல் கோவா திரைப்பட விழாப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இந்த அம்மாவோ முழுப் புடவையில் உட்கார்கிறவர். ஆனாலும், "வீட்ல காலேஜ்ல வேலைன்னு மட்டும்தான் சொல்லியிருக்கேன்" என்றார். "என்ன வேலைன்னு யாரும் கேக்கல. பெருக்குறேன்னு நெனச்சிருப்பாங்க. அது மரியாதையான வேலை இல்லையா?"

பழக்க தோஷத்தில் கேமராவை எடுத்தேன். அவர் முகம் மாறியது.

"போட்டோ வேணாம் தம்பி. நீங்க வரைஞ்சா அது உங்க கை. போட்டோன்னா அது நாந்தானே?"

பையில் வைத்துவிட்டு, கடைசி இருபத்தைந்து நிமிஷம் நானும் வரைந்தேன். இதற்கு முன் மாடலின் முகத்தில்தான் என் கண் நிற்கும். அன்றைக்கு எந்த இடத்தில் பாரம் விழுகிறது, எந்தத் தோள் அதைத் தாங்குகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது அவர் என் தாளை எட்டிப் பார்த்தார். "காது கொஞ்சம் பெருசாயிடுச்சு. இடுப்பு வலி மட்டும் சரியா வந்திருக்கு" என்றார்.

திரும்பும் வழியில் மெரினாவில் இறங்கினேன். 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை ராய் சௌத்ரி செய்தது. நான்கு பேர் பாறையைப் பெயர்க்கிறார்கள். பஸ்ஸிலிருந்து எத்தனையோ முறை பார்த்த சிலை, பார்த்ததெல்லாம் பாறையைத்தான். இன்றைக்குத் தொடைகளைப் பார்த்தேன். ஊன்றிய பாதங்களைப் பார்த்தேன். இந்த நிலையில் பத்து நிமிஷம்கூட யாராலும் நிற்க முடியாது. விட்டு விட்டு, மறுபடி மறுபடி நின்றிருக்க வேண்டும்.

இதற்கு மாடலாக நின்றவர்களில் ஒருவர் எழும்பூர் கல்லூரி மாணவர், இன்னொருவர் அங்கே இரவுக் காவலாளி என்று சொல்வார்கள். பகலெல்லாம் இல்லாத பாறையைத் தள்ளியபடி நின்றவர், பொழுது சாய்ந்ததும் கம்பை எடுத்துக்கொண்டு மறுபடி நிற்கப் போயிருப்பார்.