முதலில் ஓட்டு, பிறகு கழற்று

தம்பி, கஃபே ரேசர் கட்டப் போகிறேன், எந்தப் பழைய வண்டி வாங்கலாம் என்று கேட்டாய். வண்டியின் பெயரைச் சொல்லும் முன், இந்த ஆசை எங்கே பிறந்தது என்று சொல்கிறேன். அது தெரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

லண்டனில் ஏஸ் கஃபே என்று ஒரு கடை. 1938-இல் திறந்தார்கள். போரில் குண்டு விழுந்து இடிந்தது, 1949-இல் மறுபடி எழுந்தது. லாரி ஓட்டுநர்கள் டீ குடிக்க நிறுத்தும் அந்த இடத்தில் ஐம்பதுகளில் இளைஞர்கள் கூடினார்கள். பெரும்பாலும் உழைக்கும் வீட்டுப் பிள்ளைகள், ரேஸ் வண்டி வாங்கக் காசில்லை. தினமும் வேலைக்குப் போகிற வண்டியிலேயே வேண்டாததைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் தாழ்த்தி, மணிக்கு நூறு மைலைத் தொடப் பார்த்தார்கள். அப்படி மாற்றிய வண்டிதான் கஃபே ரேசர். டிரையம்ப் எஞ்சினை நார்ட்டன் ஃப்ரேமில் ஏற்றி ‘டிரைட்டன்’ ஆக்கியதும் அந்தத் தலைமுறைதான். கையெட்டும் தூரத்தில் கிடைத்ததை வைத்துத்தான் கட்டினார்கள். நீயும் அப்படியே தேடு.

உனக்கு ராஜ்தூத் 350 மேல் கண் என்று தெரியும். 1983-இல் எஸ்கார்ட்ஸ் கொண்டுவந்த, யமஹா ஆர்டி 350-இன் இந்திய வடிவம். இரட்டை சிலிண்டர், முப்பது குதிரைத் திறன், அந்தச் சத்தம்! எனக்கும் பிடிக்கும். ஆனால் அசல் பாகம் அரிது, கிடைத்தாலும் விலை கடுமை. முதல் வண்டியில் நீ எதையாவது உடைத்துத்தான் கற்பாய். உடைத்தால் ஈடு கிடைக்காத வண்டியில் கற்காதே.

எஸ்டியும் அழகுதான். ஆனால் அதில் கிக்கரும் கியர் லீவரும் ஒன்றே. ஃபுட்ரெஸ்டைப் பின்னால் தள்ள நினைக்கும் இடத்திலேயே சிக்கல் தொடங்கும். ஆர்எக்ஸ் 100 இலகுவானது, எளிமையானது. நல்லதாகக் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், இப்போது அதற்குக் கேட்கும் விலைதான் இடிக்கிறது.

என் ஓட்டு காஸ்ட் அயர்ன் புல்லட் 350-க்கு. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டில் தொடங்கி, திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் வார்த்த வண்டி. எழுபது மில்லிமீட்டர் போர், தொண்ணூறு ஸ்ட்ரோக், ஒரே சிலிண்டர். எஞ்சினும் கியர் பாக்ஸும் தனித்தனி என்பதால் ஒன்றைத் தொடாமல் மற்றதைப் பிரிக்கலாம். கை நுழைய இடமிருக்கிறது. புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் பாகம் கிடைக்கும், ஊருக்கு ஒரு பழைய புல்லட் மெக்கானிக்காவது இருப்பார். அவரிடம் உட்காரு. ஆம்ப் மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, டீகம்ப்ரஷரைப் பிடித்து, கிக்கரை மெல்ல இறக்கி, விட்டு மிதிப்பது எப்படி என்று அவர் காலைப் பார்த்துக் கற்றுக்கொள். எஞ்சினுக்குள் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பது உன் காலுக்கே தெரிந்துவிடும்.

இதிலும் வேலை உண்டு. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. ஃபுட்ரெஸ்டைப் பின்னுக்குத் தள்ளி லீவரைத் திருப்பிப் போட்டால் அந்த வரிசை தலைகீழாகும், மாறாமல் இருக்க லிங்கேஜ் செய்ய வேண்டும். பிரேக் ராடுக்கும் புது அளவு. இந்த வேலையை அனுபவமுள்ள லேத் பட்டறையில் கொடு, காசைப் பார்க்காதே. உன் உயிர் அந்த ராடில் தொங்குகிறது.

பார்க்கப் போகும்போது, நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள் என்று விற்பவரிடம் சொல்லிவிடு. போனதும் எஞ்சினைத் தொட்டுப் பார், குளிர்ந்திருக்க வேண்டும். பல நாள் நின்ற புல்லட்டில் ஆயில் கிராங்க் கேஸில் இறங்கியிருக்கும், முதலில் புகை வரும். கொஞ்ச நேரத்தில் நின்றால் பயமில்லை. சூடேறிய பிறகும் நீலப் புகை விட்டால் ரிங்கோ வால்வு கைடோ போயிருக்கிறது. டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துத் துருவைப் பார். ஹேண்டில்பார் தண்டுக்குக் கீழே ஃப்ரேமில் வெல்டிங் தழும்பு இருந்தால் பேச்சை நிறுத்திக்கொண்டு வந்துவிடு. பிரித்து மூட்டையில் கட்டி வைத்த வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதே. எந்தப் பாகம் இல்லை என்பது கடைசியில்தான் தெரியும். படிக்கட்டுக்கு அடியில் பாதியில் நின்றுபோன வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன், அவற்றில் பல மூட்டையாக வந்தவை.

ஆர்.சி. புக்கில் உள்ள எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் இரும்பில் பொறித்ததோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் விலை பேசு. பதினைந்து வருடம் தாண்டிய வண்டி என்றால் பதிவு புதுப்பித்திருக்கிறதா என்றும் கேள். உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதனால் என்னென்ன மாற்றப்போகிறாய் என்று எழுதிக்கொண்டு முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேள். ஃப்ரேமை வெட்டவே வெட்டாதே. போல்ட்டில் கழற்றி, போல்ட்டில் திரும்ப மாட்டக்கூடியதை மட்டும் செய். கழற்றிய மட்கார்டு, சீட்டு, சைலன்சர் எல்லாவற்றையும் துடைத்து, பெயர் எழுதி, பரணில் ஏற்று.

வாங்கியதும் ஸ்பேனரைத் தூக்காதே. ஒரு மழைக்காலம் முழுக்க அப்படியே ஓட்டு. எங்கே ஆயில் கசிகிறது, எந்த வேகத்தில் அதிர்கிறது, பிரேக் எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறது என்பதெல்லாம் தெரியட்டும். அதன்பின் பழைய வயரிங்கை மாற்று, பிரேக் ஷூ மாற்று, டயர் மாற்று. ஹேண்டில்பார், சீட்டு எல்லாம் அதற்கப்புறம். வரும் ஞாயிற்றுக்கிழமை ஏதாவது வண்டி பார்க்கப் போவதாக இருந்தால் என்னையும் கூப்பிடு, டார்ச்சோடு வருகிறேன்.