ஐந்தாவது பயணி

பள்ளி விடுமுறை என்றதும் நம்மவர் கால்கள் பத்துமலைக்கும் கேமரன் மலைக்கும் போர்ட்டிக்சன் கடற்கரைக்கும் தாமாகவே நடக்கத் தொடங்கிவிடும். அவையும் நல்ல இடங்களே. ஆனால் பகாவ், திரியாங் வட்டாரத் தோட்டங்களில் வாழ்வோருக்கு எட்டும் தொலைவிலேயே ஒரு காட்டு ஏரி இருக்கிறது. பகாங் மாநிலத்துப் பெரா ஏரியைத்தான் சொல்கிறேன். குடும்பத்தோடு ஓடத்தில் ஏறி ஒரு பகல் பொழுது அதனுள் சென்று வர உங்களை அழைக்கிறேன்.

தீபகற்ப மலேசியாவின் மிகப் பெரிய இயற்கை நன்னீர் ஏரி இது. ஏரி என்றதும் கண்ணுக்கெட்டிய வரை விரிந்த நீர்ப்பரப்பை எண்ணாதீர்கள். கோரைத் திட்டுகள், தாழை இனத்து ‘ரசாவ்’ புதர்கள், நீரில் நிற்கும் சதுப்புக்காடு, இவற்றினூடே வளைந்து வளைந்து செல்லும் நீர்ப்பாதைகள் எல்லாம் சேர்ந்ததே பெரா. தண்ணீர், பால் ஊற்றாத தேநீரின் நிறம். அழுக்கென்று முகம் சுளிக்க வேண்டாம். உதிர்ந்த இலையும் மட்கிய மரமும் ஊறிய சாறு அது. 1994-ஆம் ஆண்டு மலேசியா ராம்சார் ஒப்பந்தத்தில் சேர்ந்தபோது, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமென்று முதன்முதலில் பதிந்தது இந்த இடத்தைத்தான்.

இவ்வட்டாரத்து நீர்வழிக்குப் பழைய கதையும் உண்டு. ஜெம்போல் ஆறு மூவார் ஆற்றில் கலந்து மேற்குக் கடலுக்குப் போகிறது. செர்த்திங் ஆறோ பெரா ஆற்றோடு சேர்ந்து, பகாங் ஆற்றின் வழியே கிழக்குக் கடலுக்குப் போகிறது. இரண்டுக்கும் இடையே, இன்றைய பகாவ் அருகே, சில நூறு மீட்டர் தரைதான். அக்காலத்து வணிகர்கள் அங்கே படகைக் கரையேற்றி இழுத்துச் சென்று அடுத்த ஆற்றில் இறக்கினார்கள். ‘பெனாரிக்கான்’, அதாவது இழுக்கும் இடம் என்ற பெயர் அதனால் வந்ததே. 1511-இல் மலாக்கா போர்த்துக்கீசியரிடம் வீழ்ந்தபின் சுல்தான் மஹ்முட் பகாங்குக்குச் சென்றதும் இவ்வழியே என்பார்கள்.

ஏரியின் பழங்குடிகள் செமலாய் மக்கள். ஒரே மரத்தைக் குடைந்து ஓடம் செய்வதில் கைதேர்ந்தவர்கள். நம் முன்னோர் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தது போல, அவர்கள் குருயிங் மரத்தில் குழி வெட்டி எண்ணெய் எடுத்தார்கள். புதர்களுக்கிடையே எந்தப் பாதை எங்கே போகிறது என்பது அவர்களுக்கே வெளிச்சம். ஆகவே வழிகாட்டி இல்லாமல் இந்த நீரில் இறங்காதீர்கள்.

நாங்கள் சென்றபோது நானும் என் துணைவியாரும் பிள்ளைகள் இருவருமாக நால்வர். ஐந்தாவது பயணி, லயத்தில் பிறந்த மூன்று மாத நாய்க்குட்டி மணி. “அதை யாரிடம் விட்டுப் போவது?” என்று இளையவள் அழுததால் ஓடக்காரரிடம் கேட்டோம். “எங்கள் வீட்டிலும் நாய் உண்டு, கொண்டு வாருங்கள்” என்று அவர் சிரித்தார்.

முதல் அரை மணி நேரம் மணி சாதுவாக இருந்தது. தலைக்கு மேல் இருவாய்ச்சிப் பறவை ஒன்று இறக்கையொலியோடு பறந்ததும் துள்ளி விளிம்பில் ஏறிக் குரைத்தது. அதைப் பிடிக்க மகள் சாய்ந்தாள். அவளைப் பிடிக்க மகன் எழுந்தான். ஓடம் ஒரு பக்கமாய்ச் சரிந்து, கறுத்த நீர் உள்ளே வழிந்தது. ஓடக்காரர் கத்தவில்லை. துடுப்பை நீரில் பதித்து, “பெலான், பெலான்” என்றார். எல்லோரும் அப்படியே அமர்ந்தோம். ஓடம் நிமிர்ந்தது. மகள் மணியைத் தன் கால்களுக்கிடையே கோணியின்மேல் படுக்க வைத்தாள். அதன்பின் ஒருவர் அசையுமுன் மற்றவரைப் பார்த்துக்கொண்டோம். “நான் திரும்பப் போகிறேன் அம்மா” என்று சொல்லிவிட்டுத் திரும்பினான் மகன். வீட்டில் நூறு முறை சொல்லியும் வராத பழக்கம் அது!

நீங்களும் செல்வதாயின் இவற்றை மறவாதீர்கள். நீச்சல் தெரிந்தவரும் மிதவைச் சட்டை அணிய வேண்டும். ஓடத்தின் அடியில் அமர வேண்டும், நிற்கக் கூடாது. நீர் இறைக்க ஒரு காலி டின் இருக்கட்டும். ஆண்டிறுதி அடைமழைக் காலத்தைத் தவிர்த்திடுங்கள். நாய்க்குட்டி இருந்தால் தடுப்பூசி முன்பே போட்டிருக்க வேண்டும். இல்லையேல் செமலாய் மக்களின் நாய்களுக்கு நோய் தொற்றலாம். அதன் கயிற்றைக் கையில் பிடியுங்கள்; ஓடத்தில் கட்டினால், ஓடம் கவிழும்போது அதுவும் சேர்ந்து மூழ்கும். படகுத்துறையில் மலாய் அன்பர்களும் இருப்பர். குட்டியைக் கூடையில் வைத்திருப்பதே பண்பு.

இந்த நீரில்தான் ‘கெலிசா’ மீன் வாழ்கிறது. தாய் இட்ட முட்டைகளைத் தந்தை மீன் தன் வாய்க்குள் வைத்துக் காக்கும். ‘தோமான்’ என்னும் பெரிய விரால் தன் குஞ்சுக் கூட்டத்தைச் சுற்றிக் காவல் நிற்கும்; நெருங்குவோரைக் கடிக்கவும் தயங்காது. நீரில் கை தொங்கவிட்டு வரும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

இறுதியாக, தோட்டத்தில் உழைக்கும் நமக்கென்றே ஒரு சொல். ஏரியைச் சுற்றிலும் செம்பனை வளர்ந்துவிட்டது. அங்கே பெய்யும் மழை மண்ணையும் உரத்தையும் அள்ளிக்கொண்டு வாய்க்கால் வழியே ஏரிக்குத்தான் போகிறது. எந்தத் தோட்டத்து வாய்க்காலானாலும் அதன் கீழே ஓர் ஆறோ ஏரியோ, அந்த நீரை நம்பி ஒரு குடும்பமோ இருக்கும். மழை கறுத்து நிற்கையில் போட்ட உரம் மரத்துக்குப் போகாது, நீருக்கே போகும். அதை மண்டோரிடம் எடுத்துச் சொல்ல நமக்கு வாயிருக்கிறது. மருந்தடித்த தோம்பை வாய்க்காலில் கழுவாமல் இருப்பதற்கோ, யார் உத்தரவும் தேவையில்லை.