ஒரு விரற்கடை

எழுந்து நடமாட இயலாத நோயாளிகளை மதுரையில் வீடு வீடாகச் சென்று பார்த்துவரும் டாக்டர் நண்பர் ஒருவர், படுக்கைப் புண்களைக் கழுவிக் கட்டுவதிலேயே தம் வைத்திய வாழ்வில் பெரும் பகுதி கழிந்துவிட்டதென்றும், அவற்றுக்கு மெத்தையே காரணமென்று எல்லோரும் சொல்ல, தமக்கோ நெடுநாளாக மெத்தையின் மேலுறை மீதுதான் சந்தேகமென்றும் எனக்கு எழுதியிருந்தார். உறை தைக்கத் தெரிந்த அம்மாள் ஒருத்தி போடியில் இருப்பதாகவும், சௌகரியப்பட்டால் போய்ப் பார்க்கலாமென்றும் முடிந்திருந்த அந்தக் கடிதமே என்னைப் போடிநாயக்கனூருக்கு அனுப்பிற்று. அகலப் பாதை போடுவதற்காக 2010-இல் நிறுத்தப்பட்ட ரயில் 2023-இல் மறுபடியும் அவ்வூர் வரை ஓடத் தொடங்கிவிட்டபடியால், பிரயாணத்தில் சிரமமொன்றும் இல்லை.

ஏலக்காயால் பெயர் பெற்ற இவ்வூருக்கு இலவம் பஞ்சும் ஒரு பழைய ஜீவாதாரம். மலையடிவாரத்துத் தோப்புகளில் கோடையில் முற்றும் காய்களை மரமேறி உதிர்த்து, உடைத்து, உலர்த்தி, கொட்டை நீக்கிப் பஞ்சாக்குகிறார்கள். நான் போன பஞ்சுக் கொட்டகையில், கொட்டை பிரிக்கும் யந்திரத்தின் சூட்சுமங்களை மேஸ்திரி வெகு விஸ்தாரமாக விளக்கினார். அதில் என் புத்தி செல்லவில்லையாதலால் வாசகரையும் அதற்குள் இழுக்கப் போவதில்லை. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, பறக்கும் பஞ்சுக்கு நடுவே வேலை செய்யும் பெண்களின் இருமல்தான் அந்தக் கொட்டகையில் யந்திரச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

இலவம் பஞ்சு விசித்திரமான வஸ்து. பருத்தியைப் போல் அதை எளிதில் நூற்க முடியாது, அவ்வளவு வழுவழுப்பு. ஒவ்வோர் இழையும் மெழுகு பூசிய வெற்றுக் குழலாக இருப்பதனால் தண்ணீர் ஒட்டாமல் மிதக்கும். அதனாலேயே கப்பற்காரர்களின் உயிர்காப்புச் சட்டைகளுக்குள் அதை அடைத்தார்கள். 1942-இல் ஜப்பானியர் ஜாவாவைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து பஞ்சு வரத்து நின்றபோது, அதற்கு மாற்றாக அமெரிக்கா தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏவி, நம் எருக்கின் இனத்தைச் சேர்ந்த ஒரு களைச் செடியின் காய்களைப் பொறுக்கச் செய்ததாம். அத்தனை கௌரவம் பெற்ற பஞ்சு, இன்று ஃபோம் மெத்தையிடம் தோற்று, கொட்டகையின் பாதியைப் பூட்டிப் போட்டுவிட்டு நிற்கிறது.

அம்மாளின் வீடு கொட்டகைக்குப் பின்புறச் சந்தில் இருந்தது. திண்ணையில் தையல் மெஷின். உள்ளறையில் கட்டிலின் மேல் அவள் கணவர். இலவங்காய் உதிர்க்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. "வாங்க சார், உக்காருங்க. பாண்டி, சாருக்கு டீ சொல்லுப்பா" என்று தெளிவான குரலில் படுத்தபடியே உபசரித்தார்.

ஆதியில் அவரைக் கிடத்தியது இலவம் மெத்தையில்தான். உள்ளே பஞ்சு நகராதிருக்க, ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த நீள ஊசியால் மேலிருந்து கீழ்வரை சணலை வாங்கி, அங்கங்கே முடிச்சிட்டு இறுக்குவது வழக்கம். நல்ல தேகத்துக்கு அம்முடிச்சுகள் தட்டுப்படாது. அசைய முடியாதவரின் இடுப்பெலும்புக்குக் கீழே ஒன்று அகப்பட்டாலோ ரத்த ஓட்டம் அடைபட்டு, சில மணி நேரத்துக்குள் சதை கெடத் தொடங்கிவிடும். பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னபடி ஃபோம் மெத்தையும் ரெக்ஸின் உறையும் கடன் வாங்கிப் போட்டார்கள். அதிலும் புண் வந்தது.

"மெத்தை ஏமாத்திருச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க சார். நான் உறையைப் பிரிச்சுப் பாத்தேன்" என்றாள் அம்மாள். ரெக்ஸின் மூத்திரத்தை உள்ளே விடாது, மெய்தான். வியர்வையையும் வெளியே விடாது. ஊறிய தோல் சீக்கிரம் உரியும். அதைவிட முக்கியமான விஷயம், மத்தளத் தோலாக விறைக்க உறையை இழுத்துத் தைத்திருந்தார்கள். கடையில் பார்ப்பதற்கு அதுதான் அழகு. "இறுக்கித் தைச்சா மெத்தை வாங்குன காசு வீண் சார். ஆளு துணி மேலதான் கெடப்பாரு, மெத்தை மேல கெடக்க மாட்டாரு. தொளதொளன்னு விட்டாலும் ஆகாது. சுருக்கு விழும், அது அறுக்கும்." இரண்டுக்கும் நடுவே அவள் கண்ட அளவு ஒரு விரற்கடை. தைத்த உறையை மெத்தைக்கு மாட்டி, மூலையில் ஆட்காட்டி விரலை நுழைத்துப் பார்க்கிறாள்; விரல் தாராளமாகப் புரண்டாலும் பிரிப்பாள், புகாவிட்டாலும் பிரிப்பாள்.

லண்டனில் 1832-இல் நீல் ஆர்நாட் என்னும் டாக்டர், படுத்த படுக்கையான நோயாளிக்காகத் தண்ணீர்ப் படுக்கையை உண்டாக்கினார்: ஒரு தொட்டி நிறையத் தண்ணீர், அதன்மேல் ரப்பர் ஏற்றிய கித்தான். அந்தக் கித்தானையும் இழுத்துக் கட்டியிருந்தால் நோயாளிக்குத் தண்ணீரினால் ஒரு பிரயோஜனமும் இருந்திராது. ஆர்நாட்டைப் பற்றிக் கேள்விப்படாத ஒருத்தி போடிச் சந்தில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறாள்.

இப்போது அவள் தைப்பது, நீரைத் தடுத்து ஆவியை விடும், இருபக்கமும் இழுபடும் பூச்சுத் துணியில். மேற்பரப்பில் தையலே கிடையாது; ஊசித் துவாரம் வழியாக ஈரம் இறங்குமென்று தையலையெல்லாம் பக்கவாட்டில் தாழ்த்திவிடுகிறாள். ஜிப்பின் மேல் ஒரு மடிப்பு. புதிய மாதிரி எதுவானாலும் முதல் இரவு கணவருக்கே. அவருக்கோ வலி தெரியாது. ஆகையால் காலையில் அவரைப் புரட்டி, சிவந்த இடத்தை விரலால் அழுத்துகிறாள். அழுத்தி எடுத்ததும் வெளுத்துப் பிறகு சிவந்தால் பாதகமில்லை. அழுத்தியும் வெளுக்காமல் சிவப்பு அப்படியே நின்றால் அது புண்ணின் ஆரம்பம், உறை தள்ளுபடி. எவ்வளவு நல்ல உறையானாலும் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டாமல் முடியாதென்பதையும் அவளே சொன்னாள். இரவில் அந்த வேலை பிள்ளை பாண்டியுடையது.

கூலியைப் பற்றிக் கேட்டேன். துணியும் ஜிப்பும் ஏஜெண்ட் கொடுக்கிறான். உறைக்கு இவ்வளவென்று அவளுக்குக் கூலி. அந்தக் கூலி, உறையில் அவள் வைத்துத் தைக்கும் ஜிப்பின் விலையைக்கூட எட்டவில்லை. ஏஜெண்டிடமிருந்து மொத்த வியாபாரிக்கும், அவனிடமிருந்து பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு எதிரே வரிசையாக நிற்கும் சர்ஜிகல் கடைகளுக்கும் போய்ச் சேருவதற்குள் ஒரு பெயர்ச் சீட்டு ஒட்டப்படுகிறது. அதைத் தவிர உறையில் எவரும் எதையும் சேர்த்ததாகத் தெரியவில்லை. ஆர்நாட் தம் படுக்கைக்குக் காப்புரிமை எடுக்காமல், வேண்டியவர்கள் செய்துகொள்ளட்டுமென்று விட்டுவிட்டார். நம்மவர்களோ, தகப்பனாரை ஸ்ட்ரெச்சரில் விட்டுவிட்டு ஓடிவரும் மகன் பேரம் பேசமாட்டான் என்பதையே மூலதனமாகக் கொண்டு கடை நடத்துகிறார்கள். வியாபாரத்தில் லாபம் வேண்டாமென்று சொல்ல நான் சந்நியாசியல்ல. தைத்தவளுக்கு அரை வயிறும், படுத்தவனுக்குக் கடனும், நடுவில் நின்றவனுக்கு மாடிவீடுமாக முடியும் கணக்கை வியாபாரமென்று சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை. அதிலும் அந்த ஏஜெண்ட், உறை கடையில் தொய்ந்து தெரிகிறதென்று, அந்த ஒரு விரற்கடையையும் பிடித்துவிடச் சொல்கிறானாம்!

ஊர் திரும்பியதும் நண்பருக்கு எழுதினேன். அவர் இடையில் எவரும் வேண்டாமென்று, பன்னிரண்டு உறைகள் நேராகத் தமக்கே வேண்டுமென அம்மாளுக்குச் சொல்லியனுப்பினார். துணிக்கு முன்பணம் கேட்டும், மெத்தையின் நீளம், அகலம், கனம் மூன்றையும் அனுப்பாமல் டாக்டரே ஆர்டர் கொடுத்தால் எப்படித் தைப்பதென்று கண்டித்தும் பாண்டி கையெழுத்தில் பதில் வந்திருக்கிறது. நண்பர் இன்ச் டேப்புடன் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறார்.