காகிதத்தின் பக்கம்

பாண்டோகிராஃப் என்ற கருவியோடு எனக்குப் பரிச்சயம் ஏற்பட்டது 1974-ல், மதுரையில், ஓர் அலுவலகத்தின் வரைபடப் பிரிவில். நான்கு சட்டங்களை இணைகரமாகத் திருகாணியில் பூட்டியிருக்கும். ஒரு முனை மேஜையில் அசையாமல் ஊன்றி நிற்கும். இன்னொரு முனையின் முள்ளால் மூலப் படத்தின் கோட்டைத் தடவிக்கொண்டு போனால், வேறோர் இடத்தில் பென்சில் அதே கோட்டைச் சிறிதாகவோ பெரிதாகவோ போட்டுக்கொண்டு வரும். 1603-ல் கிறிஸ்டோஃப் ஷைனர் என்ற யேசு சபைப் பாதிரியார் கண்டுபிடித்தது. வேலை செய்கிறவனின் கண் முள்ளின் மேல்தான் இருக்க வேண்டும். பென்சில் என்ன செய்கிறது என்று திரும்பினால் முள் கோட்டைவிட்டு விலகிவிடும். எனக்குப் பழக்கிவிட்ட சீனியர் டிராஃப்ட்ஸ்மன் இதை ஒரு நீதிவாக்கியம் மாதிரி சொல்வார். நான் நன்றாகவே பழகிக்கொண்டேன்.

ஐம்பது வருஷம் கழித்து அந்தச் சொல்லை மறுபடியும் கேட்டது அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், என் மகளின் பக்கத்து வீட்டுக் கார் ஷெட்டில். அந்த வீட்டு அம்மாள் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஷெட்டில் கார் இல்லை. 12 அடி நீள மேஜை ஒன்றும், அதன் மேல் தண்டவாளத்தில் ஓடும் பெரிய தையல் மிஷின் ஒன்றும் இருந்தன. அவர் ஊராருக்குக் கூலிக்கு க்வில்ட் தைத்துக் கொடுக்கிறார்.

க்வில்ட் என்பது மூன்று அடுக்கு. மேலே துண்டுத் துணிகளை இணைத்துச் செய்த முகம், நடுவில் பஞ்சுப் படலம், அடியில் முழுத்துணி. மூன்றையும் ஊடுருவிச் சேர்க்கும் தையலுக்குத்தான் க்வில்டிங் என்று பெயர். துண்டுகளை இணைப்பது வேறு வேலை. முகத்தை மட்டும் வீட்டில் தைத்துக்கொண்டு, மற்றதற்கு இந்த அம்மாளைப் போன்றவர்களிடம் வருகிறவர்கள் நிறைய. கூலி சதுர அங்குலக் கணக்கு. வீட்டு மிஷினில் ஊசி நின்ற இடத்தில் நிற்கும், துணி நகரும். இந்த லாங் ஆர்ம் மிஷினில் துணி உருளைகளில் இழுத்துக் கட்டப்பட்டு அசையாமல் நிற்கிறது. மிஷின் அதன் மேல் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்கிறது.

மிஷினுக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி உண்டு. முன்பக்கம் நின்றால் துணியைப் பார்த்தபடி மனம் போன போக்கில் தைக்கலாம். பின்பக்கம் மேஜை மேல் நீளமான காகிதம் விரித்திருக்கிறது. அதில் அலையோ இலையோ கொடியோ, ஒரே கோடாக, கையெடுக்காமல் போட்ட கோலம் மாதிரி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடுகிறது. மிஷினில் பொருத்திய லேசரின் சிவப்புப் புள்ளி காகிதத்தில் விழுகிறது. புள்ளியைக் கோட்டின் மேல் நடத்திக்கொண்டு போனால் மிஷினின் மறுமுனையில் ஊசி அதே கோட்டைத் துணியில் தைத்துக்கொண்டு போகிறது. ஒரு வரிசை முடிந்ததும் உருளையைச் சுற்றித் துணியை நகர்த்தி, காகிதத்தோடு மறுபடி ஒத்துவைத்து, அடுத்த வரிசை. அந்தக் காகிதத்துக்குத்தான் பாண்டோகிராஃப் என்று பெயர். சட்டங்கள் போய்விட்டன. பெரிதாக்குவது சிறிதாக்குவது எதுவும் இல்லை. பழைய விதி மட்டும் மிஞ்சியிருக்கிறது: காகிதத்தைப் பார், தையலைப் பார்க்காதே.

நான் அங்கே போன காரணத்தைச் சொல்ல வேண்டும். என் மனைவி தன் கடைசி மூன்று வருஷங்களை மகள் வீட்டில் கழித்தாள். நானும் உடன் இருந்தேன். ஒரே வீட்டில் இருந்தேன் என்பது இன்னும் சரி. பக்கத்து வீட்டு அம்மாளிடம் அவள் க்வில்ட் முகம் தைக்கக் கற்றுக்கொண்டாள். பழைய சுங்குடிப் புடவைகள், பேரனுக்குச் சிறிதாகிப்போன சட்டைகள், இவற்றைப் பட்டைகளாக வெட்டி, நடுவில் ஒரு சிவப்புச் சதுரம் வைத்து, அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகளை அடுக்கும் தினுசு. மரவீட்டுச் சுவரில் கட்டைகள் அடுக்குவது போல இருப்பதால் லாக் கேபின் என்கிறார்கள். ஒரு பாதி வெளிறிய துணி, ஒரு பாதி அடர்நிறம். 12 அங்குலக் கட்டங்கள் 42. முகம் முடிந்தது. மற்ற இரண்டு அடுக்கையும் அவள் பார்க்கவில்லை. இரண்டு வருஷம் அது அலமாரியில் மடித்தபடி கிடந்தது. கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்த அம்மாள் கூலி பேசவில்லை. மிஷினை நான் தரலாம், தைக்க வேண்டியது நீங்கள் என்று சொல்லிவிட்டார்.

எதையும் படித்துவிட்டுத்தான் தொடுவது என் பழக்கம். நூலகத்திலிருந்து புத்தகங்கள் வந்தன. 1971-ல் நியூயார்க்கின் விட்னி மியூஸியத்தில் ஜோனதன் ஹோல்ஸ்டீனும் கெயில் வான் டெர் ஹூஃபும் தாங்கள் சேகரித்த பழைய க்வில்ட்களை ஓவியங்கள் மாதிரி சுவரில் மாட்டிக் காட்டினார்கள். படுக்கையில் கிடந்தது சுவருக்கு ஏறியதும் அன்றைய அரூப ஓவியர்கள் எட்டிப் பிடிக்க முயன்றதைக் கிராமத்துப் பெண்கள் நூறு வருஷம் முன்பே செய்துவிட்டார்கள் என்று தெரிந்தது. 1989-ல் கென்டக்கியின் படூகா நகரப் போட்டியில் காரில் ப்ரையர் ஃபாலர்ட் என்பவர் மிஷினில் தைத்த க்வில்ட் தலைசிறந்ததாகத் தேர்வாயிற்று. கையால் தைக்காத ஒன்று அங்கே அப்படித் தேர்வானது அதுதான் முதல் தடவை. உடனே, இது கலையா யந்திர வேலையா என்ற சர்ச்சை. எனக்கு உற்சாகமாக இருந்தது. இந்தச் சண்டையை நான் அறிவேன். 1970களில் எங்கள் சிறு பத்திரிகைகளில் மூலம், நகல், சுயம், வாய்ப்பாடு என்று நாங்கள் போட்ட சண்டைதானே. விட்னி கண்காட்சியைப் பற்றி 1973-ல் பாட்ரிஷியா மைனார்டி எழுப்பிய ஆட்சேபத்தையும் படித்தேன். க்வில்ட்களைச் சுவரில் ஏற்றியவர்கள் அவற்றைச் செய்த பெண்களைக் கீழேயே விட்டுவிட்டார்கள் என்பது அதன் சாரம். அதைப் படித்துவிட்டு மேலே போய்விட்டேன். ரூபத்தைப் பற்றிப் பேசும்போது ஆளைப் பற்றிப் பேசுவது அந்தக் காலத்திலேயே எனக்குப் பிடிக்காத விஷயம்.

அந்தக் காலத்தில் ஒரு மூத்த கவிஞரின் தொகுப்புக்கு நான் எழுதிய மதிப்புரை கொஞ்சம் பேசப்பட்டது. யாப்பை விடாதவர் அவர். டிரேசிங் காகிதத்தில் எழுதப்பட்ட கவிதைகள் என்று எழுதினேன். நண்பர்கள் ரசித்தார்கள். கையெழுத்துப் பிரதியைப் படித்த என் மனைவி மட்டும் கேட்டாள்: ‘‘ஒரு வரியாவது நல்லா இல்லையா?’’ அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். விமர்சனம் என்றால் என்ன என்று அவளுக்கு விளக்கிச் சொன்னேன்.

அப்படிப்பட்டவன் காகிதத்தின் பக்கம் போய் நின்றேன். முன்பக்கம் நின்று சுயமாகத் தைக்கும் துணிச்சல் வரவில்லை. அலை தினுசு ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். வரிசைக்குப் பத்தரை அங்குலம், மொத்தம் 8 வரிசை. கை கொஞ்சமும் நடுங்கவில்லை. தையலின் நீளத்தை மிஷினே பார்த்துக்கொள்கிறது; வேகமாகத் தள்ளினாலும் மெதுவாகத் தள்ளினாலும் அங்குலத்துக்கு 10 தையல். புள்ளி கோட்டைவிட்டு ஒரு நூலளவும் விலகவில்லை. சீனியர் டிராஃப்ட்ஸ்மன் இருந்தால் மெச்சியிருப்பார். இரண்டு வரிசை முடிந்த பிறகு அந்த அம்மாள் டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்து அடிப்பக்கம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் டார்ச்சை என்னிடம் கொடுத்தார்.

மேல்நூலின் இறுக்கம் குறைவு. ஒவ்வொரு வளைவிலும் நூல் அடியில் சுருண்டு சுருண்டு தொங்கியது. இதை இவர்கள் இமைமயிர் என்கிறார்கள். தொட்டால் கையோடு வருகிற தையல். காகிதத்தில் கோடு அப்பழுக்கில்லாமல் முடிந்திருந்தது.

ஏறக்குறைய 3,000 தையல். சின்னக் கத்தியால் ஒவ்வொன்றாக வெட்டிப் பிரிக்க நான்கு மாலை ஆயிற்று. பிரிப்பதற்கு முன்பக்கம்தான் உட்கார வேண்டும். முக்காலி போட்டுக்கொண்டு, மூக்குக்கு ஓரடி தூரத்தில் அந்தத் துணியை நான் பார்த்தது அப்போதுதான்.

ஒரு பட்டையில் புளியங்கொட்டை அளவுக்குக் கறுப்புக் கறை. இந்தியன் இங்க். என் ஆபீஸ் சட்டை. எறிந்துவிடச் சொன்ன சட்டை. எந்த வருஷம் சொன்னேன் என்பது நினைவில்லை. துணி வேண்டிய மட்டும் இருந்தது, கறையைத் தள்ளி வெட்டியிருக்கலாம். தற்செயலா, வேண்டுமென்றேயா? இருபது வருஷம் முன்பென்றால் இந்த இடத்தில் ஒரு பக்கம் எழுதியிருப்பேன்.

இரண்டாம் வரிசையில் ஒரு கட்டம் திரும்பியிருந்தது. வெளிறிய பக்கம் வர வேண்டிய இடத்தில் அடர்நிறம். பக்கத்திலிருந்த கட்டங்களில் தையல் கால் அங்குலத்திலிருந்து சரிந்து, சில இடங்களில் பட்டையின் விளிம்போடு ஓடியது. எனக்குப் புத்தகத்தில் படித்தது ஞாபகம் வந்தது. மனிதன் செய்வது பரிபூரணமாக இருக்கக் கூடாது, அது கடவுளுக்கே உரியது என்று ஆமிஷ் பெண்கள் க்வில்டில் வேண்டுமென்றே ஒரு பிழை வைப்பார்கள் என்று ஒரு கதை உண்டு. க்வில்ட் வரலாறு எழுதுகிறவர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. பிழைகள் தாமாகவே வரும், வைக்க வேண்டியதில்லை என்கிறார்கள். இருந்தாலும் நல்ல கதை. அன்றிரவு சாப்பிடும்போது அதை மகளிடம் சொன்னேன். அம்மாவும் அப்படி ஏதாவது நினைத்திருப்பாளோ என்றேன்.

மகள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: ‘‘இல்லப்பா. அந்த வருஷம் அம்மாவுக்குச் சாயங்காலத்துக்கு மேல கண்ணு சரியாத் தெரியல. காட்டராக்ட். ஆபரேஷனுக்கு நாள் பாத்துட்டிருந்தோம், அதுக்குள்ள நெஞ்சுவலி வந்துடுச்சு. உங்ககிட்ட அம்மா சொல்லலையா?’’

சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் எதையாவது படித்துக்கொண்டிருந்திருப்பேன். சாயங்காலங்களில் ஒரே விளக்கின் கீழ்தான் உட்கார்ந்திருப்போம். அவள் துணியை அடிக்கடி விளக்கின் பக்கம் தூக்கிப் பிடிப்பாள். பக்கத்தின் மேல் நிழல் விழுகிறது என்று நான் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டது நினைவிருக்கிறது.

ஒன்றைக் கூர்ந்து பார்ப்பதற்கு மற்றதைப் பார்க்காமலிருப்பது நிபந்தனை என்றே நான் நம்பி வந்திருக்கிறேன். கருவியின் விஷயத்தில் அது உண்மையும்கூட. அது என் சுபாவத்துக்கும் சௌகரியமாக இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. நகல் என்று மற்றவர்களைச் சொன்னவன் நான். குறை நகலில் இல்லை. காகிதத்தில் கோடு சரியாக ஓடுகிறது என்பதாலேயே மறுபக்கமும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டதுதான் குறை.

மேல்நூலை இறுக்கி, ஓரத்தில் மிஞ்சியிருந்த துணியில் தைத்துப் பார்த்து, மறுபடி ஆரம்பித்தேன். அதே காகிதம், அதே அலை. முன்பக்கம் போய் என் கோட்டைப் போட வேண்டும் என்று இப்போதும் தோன்றவில்லை. அந்தத் துணிக்கு என் கோடு அவசியமில்லை. இரண்டடிக்கு ஒருமுறை மிஷினை நிறுத்தினேன். மேஜையைச் சுற்றி முன்பக்கம் வந்தேன். துணியைப் பார்த்தேன், கையை அடியில் விட்டுத் தடவிப் பார்த்தேன், திரும்பிப் போய்ப் புள்ளியை விட்ட இடத்தில் வைத்தேன். பழகிய கைக்கு இரண்டு மூன்று மணி நேர வேலை இது என்றார் அந்த அம்மாள். எனக்கு ஆறு நாள். நிறுத்தி எடுத்த இடங்களிலெல்லாம் தையல் ஒன்றன் மேலொன்று விழுந்து தடித்துத் தெரிகிறது. தேர்ந்தவர்கள் இதைக் கண்ணில் படாமல் செய்துவிடுவார்கள்.

திரும்பிய கட்டம் திரும்பியபடியே இருக்கிறது. க்வில்ட் பேரனின் கட்டிலில் கிடக்கிறது. சுவரில் மாட்டலாம் என்று மகள் சொன்னபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த மூத்த கவிஞர் இப்போது இல்லை. அவர் தொகுப்பும் என்னிடம் இல்லை. மதிப்புரைக்கு வந்த பிரதியை அந்தக் காலத்திலேயே யாருக்கோ கொடுத்துவிட்டேன். ஒரு வரியையாவது நினைவுக்குக் கொண்டுவர முயன்று பார்க்கிறேன். டிரேசிங் காகிதம் என்ற என் வாக்கியம்தான் வருகிறது. மதுரை நண்பர் ஒருவருக்கு எழுதியிருக்கிறேன், பழைய புத்தகக் கடைகளில் அகப்பட்டால் வாங்கி அனுப்பும்படி. அவள் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.