அம்மாவின் செபமாலை

2008 ஏப்ரலில், சண்டை நெருங்க, மடு மாதாவின் சொரூபத்தையே தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். "மாதாவும் எங்களோட இடம்பெயர்ந்திட்டா" எண்டு அம்மா சொன்னா. அடுத்த வருடம் நாங்கள் இடம்பெயர்ந்து வலைஞர்மடத்தில். பங்கருக்குள் எங்களைத் தள்ளிவிட்டு, அறுந்த செபமாலையைத் தங்கூசியால் முடிந்து முடிந்து உருட்டுவா.

2009 மே 18. வட்டுவாகலில் அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப்போடு இராணுவத்திடம் சரணடையப் போனவர்களில் அண்ணாவும் ஒருவர். இருவரும் திரும்பவில்லை.

2017 பெப்ரவரி 20, கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டம் தொடங்கியபோது அம்மாவும் போய் இருந்தா. ஒரு கையில் அண்ணாவின் படம், மறுகையில் அதே செபமாலை. பக்கத்தில் திருநீறு பூசிய அம்மாமார். விசுவாசம் என்றால் பேசாமல் பொறுத்திருப்பது என்று நினைக்கிறவர்கள் அம்மாவைப் பார்க்கவேணும். "ஆண்டவரிட்டயும் கேப்பன், அரசாங்கத்திட்டயும் கேப்பன். என்ர பிள்ளை எங்க?"