லிங்க்ட்இன்னில் எழுத வேண்டியது எது?

திருப்பூரில் பின்னலாடைத் தொழில் நடத்தும் எம்போன்றோருக்கு, காலையில் நூல் விலையும் மாலையில் ஷிப்மென்ட் கெடுவும் சிந்தனை முழுவதையும் ஆக்கிரமித்துக்கொள்கையில், 2003இல் தொடங்கி 2016இல் மைக்ரோசாப்ட் வசமான லிங்க்ட்இன் தளத்துக்கென நேரம் ஒதுக்குவது அநாவசியமென்று தோன்றுவது சகஜமே. ஆயினும், கடல் கடந்த தேசத்திலிருக்கும் பையர் ஒருவர், நம்மிடம் விலை கேட்பதற்கு முன்னரே நம் பெயரைத் தேடிப் பார்த்து, நம் யோக்கியதையை அங்கேயே நிர்ணயித்துக்கொள்கிறார் என்பது என் அநுபவம்.

ஆகவே, பண்டிகை வாழ்த்துகளையும் விருதுப் படங்களையும் குறைத்துக்கொண்டு, தொழிலின் சூட்சுமங்களை எழுதுவதே உத்தமம். வட்டக் கட்டரால் 100 சதுர சென்டிமீட்டர் துணியை வெட்டித் தராசில் வைக்க, அது 1.80 கிராம் காட்டுமாயின் அத்துணி 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம், என்று கணக்கிடும் எளிய முறையைப் புகைப்படத்துடன் நான் விளக்கியபோது, அதைப் படித்த மெர்ச்சண்டைசர்கள் கேட்ட கேள்விகள், எந்த விளம்பரமும் தந்திராத பரிச்சயங்களைத் தந்தன. அதுபோலவே, 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதும், பின்னர் கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் உபயோகிக்கும் முறையை இவ்வூர் கைக்கொண்டதும், சுற்றுச்சூழல் குறித்து விசாரிக்கும் வெளிநாட்டார் அவசியம் அறிய வேண்டிய சரித்திரம்.

வாரத்துக்கு ஒரு பதிவு, வந்த மறுமொழிகளுக்கு நம் கையாலேயே பதில்: இவ்விரண்டும் போதும். படம் எடுப்பதையும் பதிவேற்றுவதையும் அலுவலகப் பிள்ளைகளிடம் விடலாம். ஆனால் சொல்லும் விஷயமும் அதற்குரிய பொறுப்பும் முதலாளியுடையனவாகவே இருத்தல் வேண்டும்.

தொழில் செய்யும் நண்பர்களே, நீங்கள் நன்கறிந்த ஒரு விஷயத்தை இந்த வாரமே உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதத் தொடங்குங்கள்.